வலது பக்கம் இன்னொரு முதலை

நான் சுக்கானை விட்டு இறங்கி இரண்டு மழைக்காலம் ஆகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை, கண்ணில்தான் புரை. ஆனால் ஓர் இடத்தில் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடிவதில்லை. லான்மடாவில் நாங்கள் இருக்கும் மாடியிலிருந்து இறங்கி, ஆற்றங்கரைச் சாலையைத் தாண்டி ஜெட்டிக்கு வந்துவிடுகிறேன். இப்போது லாஞ்சு ஓட்டும் பிள்ளைகள் நீங்கள், ஏறும் பலகையை எடுப்பதற்குள் எந்தப் பக்கம் எத்தனை பேர் என்று என் கண் தானாக எண்ணிவிடுகிறது. சில நாள் கரையில் நின்று உங்களைப் பார்த்துக் கத்தியும் இருக்கிறேன். "ஊ மாரிக்கு வேறு வேலையில்லை" என்று, பெரியவர்களுக்குப் போடும் அந்த 'ஊ'வையும் சேர்த்து, நீங்கள் சிரிப்பதும் எனக்குத் தெரியும்.

ஏன் கத்துகிறேன் என்பதை எழுதிவைக்கிறேன். உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் காதுக்குத்தான் பழக்கம், எழுத்து வராது. வீட்டில் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். சுக்கான் பிடிப்பது எப்படி, மணல்மேடு எங்கே என்பதெல்லாம் இதில் இல்லை. அதை வேலையே கற்றுக்கொடுக்கும். இது நான் சொன்ன ஒரு பொய்யைப் பற்றியது. அதற்கு முன் சொல்லாமல் விட்ட ஓர் உண்மையைப் பற்றியதும்.

அப்போது என் லாஞ்சு ஆற்றில் கீழே இறங்கி, கடல் பக்கத்துக் கழி ஒன்றுக்குள் நுழைந்து, மூன்று கிராமங்களில் ஆள் இறக்கிவிட்டுத் திரும்பும். உப்புத் தண்ணீர். இரண்டு கரையிலும் சேறு, சேற்றுக்குப் பின்னால் நீர்ப்பனைப் புதர். கடல் ஏற்றத்தில் அகலமாகத் தெரியும் அந்தக் கழி, தண்ணீர் இறங்கும்போது பாதியாகச் சுருங்கிவிடும். இன்ஜினைப் பார்த்துக்கொண்டவர் கோ டின். என்னைவிடப் பத்து வயது இளையவர், பர்மியர். எங்கள் இருவருக்கும் இடையே பர்மா மொழிதான்.

பள்ளிக்கூடம் திறக்கும் வாரம். மழை தொடங்கியிருந்தது. ஒரு காலை, இரண்டாவது வளைவுக்குப் பக்கத்தில் தண்ணீரின் நடுவே ஒரு கட்டை மாதிரி கிடந்ததைப் பார்த்தேன். கட்டை என்றால் நீரோடு போகும். தண்ணீர் வேகமாக இறங்கிக்கொண்டிருந்தும் இது நின்ற இடத்திலேயே நின்றது. நாங்கள் நெருங்கியதும் சத்தமில்லாமல், ஒரு சுழிகூட இல்லாமல், உள்ளே போய்விட்டது. பயணிகள் யாரும் கவனிக்கவில்லை.

திரும்பி வந்ததும் கோ டின்னிடம் சொன்னேன்.

"நிச்சயமா மிஜவுங்தானா, ஸயா?" என்று கேட்டார். முதலைக்குப் பர்மா மொழியில் மிஜவுங், ஐயா என்பதற்கு ஸயா.

"தொண்ணூறு பங்கு."

"அப்போ ஜெட்டியில சொல்லிடுங்க. ஏறுற ஜனங்ககிட்டயும் சொல்லிடலாம்."

"இன்னொரு தடவை பார்த்துட்டுச் சொல்லலாம்" என்றேன்.

அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. முந்தைய ஆண்டு இதே கழியில் முதலையைக் கண்டேன் என்று ஜெட்டி முழுக்கச் சொல்லிவிட்டேன். நான்கு நாள் என் லாஞ்சில் யாரும் ஏறவில்லை. ஐந்தாம் நாள் மீனவர்கள் இருவர் என் முதலையைக் கயிறு கட்டி இழுத்துவந்து ஜெட்டியில் போட்டார்கள். ஊறிப்போன பனைத்தூர். அதன் மேல் சுண்ணாம்பால் யாரோ இரண்டு கண் வரைந்திருந்தார்கள். அன்றிலிருந்து, லாஞ்சு ஓட்டும் சாரங்கான எனக்கு முதலைச் சாரங்கு என்று பெயர். ஜெட்டியில் மொஹிங்கா நூடுல்ஸ் விற்கிற அம்மாள்கூட அப்படித்தான் கூப்பிட்டார். இன்னொரு தடவை அந்தச் சிரிப்பைத் தாங்க எனக்கு மனமில்லை. வெட்கம்தான், வேறெதுவும் இல்லை. அதற்கு நிதானம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது. அதற்கும் மறுநாள் நடந்ததுதான் இது.

அறுபது பேருக்குக் கொஞ்சம் குறைவு. லாஞ்சின் தட்டில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பிலோமினா என்ற தமிழ்ப் பெண்ணும் ஒருத்தி. எங்கள் லான்மடாவுக்கு அடுத்த லத்தாவில் ஒரு சந்தில் தையல் மிஷின் போட்டிருந்தாள். கிராமங்களுக்குப் போய் அளவெடுத்து, பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையும் பச்சை லுங்கியும் தைத்து, தானே கொண்டுபோய்க் கொடுப்பாள். அன்றும் பெரிய மூட்டை ஒன்று வைத்திருந்தாள். மழைக்காக நான்கு சுற்று பிளாஸ்டிக் தாளில் இறுகக் கட்டியிருந்தாள். வலது ஓரத்தில், பின்பக்கமாக, மூட்டையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். ஏறும்போது என்னிடம், "அண்ணே, இன்னைக்குச் சீக்கிரம் இறக்கிவிடுங்க. நாளைக்குப் பள்ளிக்கூடம், பிள்ளைங்க சட்டைக்காகக் காத்திருக்கும்" என்றாள்.

கழிக்குள் நுழைந்தபோது தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்தது. நாங்கள் அதை எதிர்த்து உள்ளே போய்க்கொண்டிருந்தோம். இரண்டாவது வளைவில் இடது கரைச் சேற்றில் அது படுத்திருந்தது. ஆள் நீளம் இரண்டு இருக்கும். வாய் சற்றுத் திறந்திருந்தது. இந்த முறை கட்டையோ பனைத்தூரோ என்ற பேச்சுக்கே இடமில்லை.

"மிஜவுங்! மிஜவுங்!"

யார் முதலில் கத்தினார்கள் என்று தெரியாது. மொத்தத் தட்டும் எழுந்தது. கையில் போனோடு எல்லோரும் இடது பக்கம் பாய்ந்தார்கள். லாஞ்சு அப்படியே சாய்ந்தது. என் தேநீர்க் குவளை உருண்டு போய்க் கீழே விழுந்தது. இடது விளிம்புக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண்கூட இல்லை. "உட்காருங்க, உட்காருங்க" என்று கத்தினேன். யார் காதிலும் ஏறவில்லை. பின்னால் நின்றவர்கள் முன்னால் நின்றவர்களின் தோளில் கை ஊன்றி எட்டிப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று. இவர்களை எப்படியாவது இந்தப் பக்கத்திலிருந்து கிளப்ப வேண்டும். யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். வாய் முந்திக்கொண்டது.

"வலது பக்கம் இன்னொண்ணு! இதைவிடப் பெரிசு!"

இது அவர்கள் காதில் ஏறியது.

உங்களுக்கு நான் சொல்ல வருவது இந்த இடம்தான். அந்தப் பொய் வேலை செய்தது. நான் நினைத்ததைவிட நன்றாகவே வேலை செய்தது. நாற்பது பேர் ஒரே மூச்சில் வலது பக்கம் ஓடினார்கள். சாய்ந்திருந்த லாஞ்சு நிமிர்ந்தது, நிமிர்ந்த வேகத்தில் அந்தப் பக்கம் கவிழப் பார்த்தது. சுக்கான் அறையின் கதவு என் தோளில் வந்து இடித்தது. ஓர் அலறல் கேட்டது. பிறகு தண்ணீரில் ஏதோ விழும் சத்தம்.

பிலோமினா. கூட்டம் எழுந்தபோது எழாத ஒரே ஆள் அவள்தான். முதலையைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை, மூட்டையின் முடிச்சைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாளாம். உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தவளை, நான் கிளப்பிவிட்ட கூட்டம் தள்ளிவிட்டது.

சத்தத்தில் மிரண்டு, இடது கரையில் கிடந்ததும் சறுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கியது. சேற்றில் அதன் வயிறு இழுத்த தடம் மட்டும் பளபளவென்று தெரிந்தது. அது எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை.

இன்ஜினை நிறுத்தச் சொல்லி மணியை அடித்தேன். கோ டின் எனக்கு முன்பே நிறுத்தியிருந்தார். பின்புறம் விழுந்தவளுக்கு முதலையைவிட, தண்ணீருக்கடியில் சுழலும் எங்கள் விசிறி பக்கத்தில் இருந்தது. இன்ஜினைப் போட்டு வேகமாகப் பின்வாங்கினால் அவளை வெட்டிவிடலாம். திருப்பிக்கொண்டு வரக் கழியில் அகலம் கிடையாது. நிறுத்திவிட்டால் லாஞ்சு என் கையில் இல்லை. தண்ணீர் அவளை இழுக்கிற திசையிலேயே எங்களையும் இழுக்கும், எங்கேயாவது சேற்றில் உட்கார வைக்கும். உட்கார்ந்தால் உட்காரட்டும் என்று விட்டேன்.

ஆனால் தட்டில் இன்னும் கூட்டம் அலைந்துகொண்டிருந்தது. பாதிப் பேர் வலது பக்கத்தில் அந்தப் பெரிய முதலையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் அறையை விட்டு வெளியே வந்தேன்.

"வலது பக்கம் ஒண்ணும் இல்லை" என்றேன் பர்மா மொழியில். "நான் பொய் சொன்னேன். ஒரே ஒரு முதலைதான், அது தண்ணிக்குள்ள இருக்கு. ஒரு பெண்ணும் தண்ணிக்குள்ள இருக்கா. நீங்க உட்கார்ந்தாத்தான் அவளை எடுக்க முடியும்."

கத்தவில்லை. ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். ஒரு பெரியவர் என்னைப் பார்த்த பார்வையை மட்டும் இங்கே எழுத முடியாது.

பிலோமினா எங்களுக்குப் பின்னால் முப்பது கஜ தூரத்தில், மூட்டையைக் கட்டிப் பிடித்தபடி மிதந்துகொண்டிருந்தாள். அந்தப் பிளாஸ்டிக் கட்டுக்குள் காற்று இருந்ததால் அது முழுகவில்லை. அவளுக்கு நீந்தத் தெரியாது. கால்களைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தாள்.

"பிலோ! காலை அடிக்காதே! ஆட்டாம மிதந்துக்கிட்டு இரு. நாங்க வர்றோம்!"

"அண்ணே, அது எங்க?"

பதில் தெரியாது. தெரியாது என்று சொன்னால் மறுபடி காலை அடிப்பாள். தூரப் போய்விட்டது என்று சொல்லலாம். சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. ஐந்து நிமிடத்துக்கு முன் சொன்ன பொய் கண்ணெதிரே மிதந்துகொண்டிருந்தது.

"எனக்குத் தெரியலை, பிலோ. தெரிஞ்சா சொல்றேன். நீ காலை மட்டும் ஆட்டாதே."

அவள் ஆட்டுவதை நிறுத்தினாள். அந்த நிறுத்தத்துக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று நீங்கள் நினைத்துப் பாருங்கள்.

கோ டின்னும் நானும் ஆளுக்கொரு மூங்கில் கழியை எடுத்து, அடிச்சேற்றில் ஊன்றி, லாஞ்சைப் பின்னோக்கித் தள்ளினோம். உயிர்க்காப்பு அங்கிகள் கூரையில் அழுக்குப்படாமல் பத்திரமாகக் கட்டித் தொங்கின. அழுக்குப்படக் கூடாது என்று கட்டச் சொன்னவனும் நான்தான். கோ டின் கத்தியால் கயிற்றை அறுத்து ஒன்றை வீசினார். எட்டவில்லை. இன்னொன்று எட்டியது. பத்து கஜம் இருக்கும்போது உதவிக்கு ஏழெட்டுப் பேர் எழுந்தார்கள். "ரெண்டு பேர் போதும்" என்று இருவரைக் கை காட்டினேன். மற்றவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள்.

பக்கத்தில் வந்ததும் பிலோமினா கையை நீட்டவில்லை. "முதல்ல மூட்டையை வாங்குங்க" என்றாள்.

"மூட்டையை விடு!"

"விட்டா முழுகிடுவேன் அண்ணே. அதோட சேர்த்து இழுங்க."

சேர்த்தே இழுத்தோம். முழங்காலில் சிராய்ப்பு, அது எங்கள் சுக்கானில் உரசியது. வேறு காயமில்லை. தட்டில் விழுந்ததும் வாய்விட்டு அழுதாள்.

லாஞ்சு அதற்குள் வளைவுச் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் திரும்பி ஏறும் வரை அசையாது. முதல் மணி நேரத்தில் எல்லோரும் பேசினார்கள். பிறகு மழை வந்து போனது. பிறகு வெயில். குடிக்கக் கொண்டுவந்த தண்ணீர் தீர்ந்தது. போனில் சிக்னல் இல்லை. பிள்ளைகள் அழத் தொடங்கின. கரைக்கும் எங்களுக்கும் இருபது அடி கலங்கல் தண்ணீர்தான் இருந்தது. கரை வழியாக நடந்தால் ஒரு மணி நேரத்தில் முதல் கிராமம்.

கட்டுமஸ்தான ஓர் ஆள் எழுந்து லுங்கியை மடித்துக் கட்டினார். அவருடைய தாயாருக்கு உடம்பு சரியில்லை, மருந்து வாங்கிக்கொண்டு போகிறார். மருந்துப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு விளிம்பில் ஒரு காலைப் போட்டார்.

"இறங்காதீங்க. அது இங்கதான் எங்கேயோ இருக்கு" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "ஸயா, இது நிஜமா, இல்லை முன்னாடி சொன்ன மாதிரியா?"

கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார். சுற்றி இருந்தவர்களும் என் முகத்தைப் பார்த்தார்கள். முப்பது வருஷம் சுக்கான் பிடித்தவன் நான். இறங்காதே என்று நான் சொன்னால் ஒருவர் இறங்கியதில்லை. அன்று என் சொல்லை எடைபோட்டுப் பார்த்தார்கள். எடை இல்லை. "நிஜம்தான்" என்று மறுபடி சொன்னேன். அவர் இன்னொரு காலையும் விளிம்புக்கு வெளியே போட்டார்.

அப்போது பிலோமினா பேசினாள். யாரோ கொடுத்த போர்வையைச் சுற்றிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தவள், பர்மா மொழியில் அவரிடம், "அண்ணா, நான் அந்தத் தண்ணிக்குள்ள இருந்துட்டு வந்திருக்கேன். கீழே என்ன இருக்குன்னு தெரியாம மிதக்கிறது எப்படின்னு எனக்குத் தெரியும். உங்கம்மாவுக்கு மருந்து சாயந்திரம் கிடைச்சாலும் போதும். உட்காருங்க" என்றாள்.

அவர் மருந்துப் பையைத் தலையிலிருந்து இறக்கினார். பிறகு இரண்டு கால்களையும் உள்ளே எடுத்தார்.

அன்று முதலை மறுபடி தெரியவில்லை. அவர் இறங்கியிருந்தால் ஒன்றும் ஆகாமலே கரை சேர்ந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. இந்த வேலையில் பல கேள்விகளுக்குக் கடைசி வரை பதில் வருவதில்லை.

தண்ணீர் ஏறத் தொடங்கும் நேரத்தில் பிலோமினா என்னைக் கூப்பிட்டாள். தமிழில், மற்றவர்களுக்குப் புரியாதபடி மெதுவாகக் கேட்டாள். "அண்ணே, இது இங்க இருக்குன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. வளைவு வர்றதுக்கு முன்னாடியே நீங்க இடது கரையைத்தான் பார்த்துக்கிட்டு வந்தீங்க. நான் பார்த்தேன்."

"தெரியும். முந்தாநாள் பார்த்தேன்."

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். "சொல்லியிருந்தா நான் நடுவுல உட்கார்ந்திருப்பேனே அண்ணே" என்றாள். அவ்வளவுதான். பிறகு மூட்டையைப் பிரித்து, ஒவ்வொரு சட்டையாகத் தொட்டுப் பார்த்து, நனைந்ததைத் தனியாக வைக்க ஆரம்பித்தாள்.

இரண்டு நாளில் யாரோ எடுத்த வீடியோ எல்லாப் போனிலும் ஓடியது. அதில் முதலை மங்கலாகத்தான் தெரியும். என் குரல் மட்டும் தெளிவாகக் கேட்கும். ஜெட்டிப் பொறுப்பாளர் நடந்ததை எழுதித் தரச் சொன்னார். முதல் தாளில், பயணிகள் கட்டுப்பாடில்லாமல் ஓடியதால் ஒரு பெண் தவறி விழுந்தாள் என்று எழுதினேன். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஜெட்டிக்கும் லத்தாவுக்கும் இடையே ஒரு பகல் முழுக்க நடந்தேன். ஒரு டீக்கடையில் உட்காருவேன், டீ வருவதற்குள் எழுந்துவிடுவேன். கடைசியில் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதினேன். இரண்டு நாள் முன்பே பார்த்ததை, சொல்லாததை, ஏன் சொல்லவில்லை என்பதை, பொய்யை, கூரையில் கட்டிய அங்கிகளை, எல்லாவற்றையும். பொறுப்பாளர் படித்துவிட்டு, "இதை இவ்வளவு எழுதணுமா?" என்றார். எழுதணும் என்றேன்.

அந்த மழைக்காலம் முழுதும் சுக்கானைத் தொட விடவில்லை. கயிறு பிடிக்கிற வேலை பார்த்தேன். நியாயம்தான்.

திரும்பச் சுக்கான் கைக்கு வந்த முதல் நாள், பலகை எடுக்கும் முன் தட்டின் நடுவில் போய் நின்றேன். "நாம போற கழியில முதலை இருக்கு. நானே பார்த்திருக்கேன். கண்ணில் பட்டா உட்கார்ந்த இடத்துலயே கையைத் தூக்குங்க, நான் லாஞ்சை மெதுவாக்குறேன், எல்லாரும் பார்க்கலாம். எழுந்தா கவிழ்ந்துடுவோம்" என்றேன். சிலர் சிரித்தார்கள். ஒரு குடும்பம் இறங்கிவிட்டது. பொறுப்பாளர் கரையில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டார். மறுநாளும் சொன்னேன். அதற்கு மறுநாளும். இறங்குகிறவர்கள் குறைந்தார்கள். ஓய்வு பெறும் வரை ஒரு பயணமும் இதைச் சொல்லாமல் போனதில்லை.

பல மாதம் கழித்து, கழியின் முதல் வளைவில், பள்ளிக்கூடம் போகும் ஒரு சிறுமி கையைத் தூக்கினாள். இன்னொரு கையால் இடது பக்கத்தைக் காட்டினாள். அவளைப் பார்த்து அவள் அம்மா, அம்மாவைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்கள். இருபது கைகள் உயர்ந்தன. கோ டின் இன்ஜினைக் குறைத்தார். அது சேற்றில் கிடந்தது, அன்று கிடந்த மாதிரியே, வாயைத் திறந்துகொண்டு. நாங்கள் மெதுவாக அதைக் கடந்துபோனோம். லாஞ்சு ஒரு விரல்கூடச் சாயவில்லை.